வருஷத்தின் மேல் ஒரு பொட்டு

எந்தப் பழைய சாமானைக் கையில் கொடுத்தாலும் மாடி வீட்டு அக்கா முதலில் செய்வது ஒன்றுதான். நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, சாமானில் வருஷம் எங்கே பொறித்திருக்கிறதோ அந்த இடத்தில் ஒட்டிவிடுவார். அதன் பிறகுதான் மற்றதைப் பார்ப்பார்.

ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

“வருஷம் பொய் சொல்லும்னு இல்லம்மா. வருஷத்தப் பாத்துட்டா நான் பொய் சொல்ல ஆரம்பிச்சுடுவேன். மிச்சதெல்லாம் அதுக்கு ஒத்துப்போற மாதிரியே தெரியும்.”

திருப்பதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் அவர் தனியாக இருந்தார். சித்தூரில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பிரித்துச் சுத்தம் செய்வதும் பழுது பார்ப்பதும் வேலை. எங்கேயாவது பழைய துப்பாக்கி பிடிபட்டால் அது என்ன ரகம், எந்தக் காலத்தது என்று பார்த்து எழுதுவதும் அவர்தான். தினமும் காலையில் சித்தூர் பஸ், பொழுது சாய்ந்தால் திரும்பி வருவார். நாற்பது வயதிருக்கும். தெருவில் அவரை ‘தூட்டா மேடம்’ என்பார்கள். தெலுங்கில் தூட்டா என்றால் தோட்டா. அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது பயம்தான். பிடித்த மனுஷியைப் பற்றி இப்படிச் சொல்வது சரியா என்றும் தெரியவில்லை.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. நான் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. குழந்தை தும்மினால்கூட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவேன். சுற்றியிருந்த எல்லோரும் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: “ஒண்ணும் ஆகாது.” அவர் ஒருவர்தான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, “அக்கா, உடம்பு சுடுதா பாருங்க” என்றேன். நெற்றியில் கை வைத்தார்.

“என் கைய விட சூடு. ஆனா நான் இப்பத்தான் துணி அலசிட்டு வரேன், என் கை ஜில்லுன்னு இருக்கு. தர்மாமீட்டர் எங்க?”

“காய்ச்சலா இல்லையா, அதச் சொல்லுங்கக்கா.”

“பாக்காம எப்படிம்மா சொல்றது?”

எனக்கு அழுகை வந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் தர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, எண்ணை வாசித்து, ஆட்டோவை அழைத்து, ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு என் பக்கத்திலேயே நின்றவரும் அவர்தான்.

கணவர் சத்தியவேட்டில் ஒருவரிடம் பழைய ஸ்கூட்டர் வாங்கி வந்தபோதும் இதே கதை. நாலு வருஷ வண்டி என்று விற்றவர் சொல்லியிருந்தார். கணவர் பெருமையாக ஆர்.சி. புத்தகத்தை நீட்டினார். அக்கா அதை வாங்கவே இல்லை. நம்பரின் வரிசையே வருஷத்தைச் சொல்லிவிடும் என்று நம்பர் பிளேட்டில் பொட்டை ஒட்டிவிட்டுக் கீழே குந்தினார். டயரின் ஓரத்தில் நாலு எண் இருக்கும், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று. அதைப் படித்தார். சீட்டைத் தூக்கி, பிளாஸ்டிக்கின் அடியில், அதை வார்த்த வருஷத்தைக் காட்டும் வட்ட முத்திரையை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“முன் டயருக்கு ஒரு வயசு. பின் டயருக்கு மூணு. சீட்டுக்கு அடியில ஏழு.”

“அப்போ ஏமாத்திட்டானா மேடம்?” என்றார் கணவர்.

“அவன் ஏமாத்துனானான்னு நான் பாக்கல தம்பி. சீட்டுக்கு அடியில ஏழு.”

“நான் ஏமாந்துட்டேனா?”

“அது உங்க வீட்டு விஷயம்” என்று கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். நாங்கள் அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தோம். அதே கண் ஒருநாள் எங்கள் குடும்பத்தின் மேல் திரும்பும் என்று அப்போது தெரியாது.

என் மாமனாருக்கு நகரிப் பக்கம் ஒரு கிராமம். கரும்பும் நெல்லும் வைப்பவர். அவருடைய தாத்தா ஒரு ஜமீனில் காவல்காரராக இருந்தவர். அந்தக் காலத்து ரைஃபிள் ஒன்று வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதைத் துப்பாக்கி என்று யாரும் நினைத்ததே இல்லை. ஆயுத பூஜையன்று அரிவாளோடும் மண்வெட்டியோடும் அதற்கும் பொட்டு வைப்போம்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. ஆயுதம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது. அது லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்று மாமாவுக்குத் தோன்றவில்லை. ரைஃபிளை ஒரு பழைய வேட்டியில் சுற்றி பஸ்ஸில் ஏறினார். “இன்னா பெரியவரே, கரும்பா?” என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். “இல்லப்பா, துப்பாக்கி” என்றிருக்கிறார் மாமா. கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட் கொடுத்திருக்கிறார்.

ஸ்டேஷனில் யாரும் சிரிக்கவில்லை. லைசென்ஸ் கேட்டார்கள். இல்லை. துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு மாமாவை உட்கார வைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு நானும் கணவரும் ஓடினோம்.

“நைனா, யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?” என்றார் கணவர்.

“கெவர்மெண்டு கேக்குது, குடுக்கறேன். நான் இன்னா திருடிக்கினா வந்தேன்?”

எஸ்.ஐ. நல்ல மனிதர். மாமாவை இப்போதைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். துப்பாக்கி சித்தூருக்குப் போகும். மிகப் பழையது, சுடாது என்று ரிப்போர்ட் வந்தால் காட்சிப் பொருள் என்று கோப்பை மூடிவிடலாம். சுடும் என்று வந்தால் கேஸ். “அதில் இருக்கிற நம்பரையோ முத்திரையையோ யாராவது வேண்டுமென்றே அழித்திருந்தால் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அது ஜெயில்” என்றார்.

நான் என் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் மூன்று வருஷமாக அந்த ரைஃபிளைத் தேய்த்தது நான். மாமியார் இறந்த பிறகு பூஜை வேலை என் தலையில் விழுந்தது. மாமியார் ஈரத் துணியால் துடைத்துப் பொட்டு வைப்பாராம். நான் படித்த மருமகள், குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று, பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். பக்கவாட்டில் ஏதோ கிரீடமும் எழுத்தும் இருந்தன. அழுக்கு என்றே அவற்றை நினைத்தேன். கீழேயிருந்த லீவர் கிரீச்சென்றது. தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். ஒவ்வொரு வருஷமும் விட்டேன்.

அன்று மாலை அக்கா பஸ் இறங்கி வந்ததும் மாடிப்படியில் மறித்தேன்.

“அக்கா, நகரிப் பக்கத்துலேர்ந்து ஒரு ரைஃபிள் உங்ககிட்ட வரும். அது எங்க மாமாவோடது. அவருக்கு எழுபது வயசு. சுடாதுன்னு ஒரு வார்த்த…”

“ஆகு” என்றார். நில் என்று தெலுங்கில். கையை நீட்டி என் வாய்க்கு நேராகக் காட்டினார். “இதுக்கு மேல சொல்லாத. நீ சொன்னது என் காதுல இருந்தா அப்புறம் கண்ணு சரியா பாக்காது.”

“அப்போ வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்கக்கா.”

“நாளைக்கு ஆபீசர்கிட்ட சொல்றேன், பக்கத்து வீட்டுக்காரங்கன்னு. வேற ஆள் இல்லன்னாருன்னா நான்தான் பாக்கணும். ரிப்போர்ட் என் கைய விட்டுப் போற வரைக்கும் உன் வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிகூட வேணாம்.”

வேறு ஆள் இல்லை.

அதன் பிறகான நாட்களை எப்படிச் சொல்வது? ஒரே குழாயடி, ஒரே படிக்கட்டு. எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். என் மகளுக்கு இதெல்லாம் தெரியாதே, படிகளில் தவழ்ந்து ஏறி மாடிக்குப் போய்விடுவாள். அவர் அவளைத் தூக்கி வந்து எங்கள் வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவார். இவ்வளவு நெருக்கமாக இருந்துவிட்டு எப்படி முடிகிறது என்று ஆத்திரப்பட்டேன். மறு நிமிஷம், அவர் இடத்தில் நான் இருந்தால் பொய் எழுதியிருப்பேனே என்று வெட்கப்பட்டேன். அடுத்த நிமிஷம், எழுதினால்தான் என்ன என்று மறுபடியும் ஆத்திரம்.

துப்பாக்கியைப் பிரிக்கும்போது உரிமையாளர் முன்னால் இருக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. கணவருக்கு ஷிஃப்ட். மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்க வராது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அவரோடு போனேன்.

சித்தூரில் அந்த அறை எண்ணெய் வாசனையாக இருந்தது. நீள மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து ரைஃபிளை வைத்திருந்தார்கள். அக்கா சீருடையில் இருந்தார். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கான்ஸ்டபிள்.

“நான் பாக்கறத மட்டும் எழுது. நெனக்கறத நான் வாய்விட்டுச் சொல்லிட்டாலும் எழுதாத” என்றார் அவரிடம். எங்களைப் பார்க்கவே இல்லை.

நடுவிலிருந்த இரும்புப் பெட்டியில், வருஷம் இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல், விரலால் தடவி இடம் கண்டுபிடித்துப் பொட்டை ஒட்டினார். அந்தச் சின்னச் சிவப்புப் பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“கிரீடம் ஒண்ணு. அதுக்குக் கீழ வெள்ளக்கார ராணியோட பேர்ல ரெண்டு எழுத்து. தேஞ்சிருக்கு, ஆனா தெரியுது.” கட்டையைத் திருப்பினார். “கட்டையில வட்ட முத்திரை, படிக்க முடியல. ஒரு அம்புக்குறி. பட்டாளத்துச் சொத்துங்கறதுக்கு.” லீவரைக் கீழே இழுத்தார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. அவர் புருவம் உயர்ந்தது. “லீவர் நல்லா வேல செய்யுது. புது எண்ணெய்.”

கான்ஸ்டபிள் எழுதினார். என் எண்ணெய்.

பேரலுக்குள் டார்ச் அடித்தார். “அடச்சிருக்கு.”

மாமா என் கையைப் பிடித்தார். “அடச்சிக்கினு இருக்குதாம்மா. அப்போ சுடாது இல்ல?” என்று மெல்லக் கேட்டார். எனக்கும் அதே நம்பிக்கைதான். அக்கா நீளக் கம்பியை விட்டுக் குத்தினார். காய்ந்த மண் பொலபொலவென்று தாளில் உதிர்ந்தது. குளவிக்கூடு. அதற்குள் இன்னொன்று. அதற்கும் அடியில், கறுத்துப்போய் இன்னொன்று. அவற்றைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தார். பிறகு வெள்ளைத் துணியை விட்டு இழுத்து, “பழைய துரு. புது மருந்துக் கரி இல்ல” என்றார்.

அப்புறம் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, ஒரு பென்சிலை, ரப்பர் இருக்கிற முனை கீழே போகும்படி, பேரலுக்குள் போட்டார். விசையை அழுத்தினார்.

டக். பென்சில் துள்ளி வெளியே வந்து விழுந்தது.

என் மகள் கைதட்டிச் சிரித்தாள். இன்னொரு முறை என்பது போல் கையை நீட்டினாள்.

“உள்ள ஊசி இருக்கு. அடிக்குது. சுடும்” என்றார் அக்கா.

கடைசியாகப் பொட்டை உரித்தார். முதல் இரண்டு எண்கள் தெரிந்தன, ஒன்று, எட்டு. மூன்றாவதில் ஒரு வளைவு. நான்காவது இருந்த இடம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“யாரு தேச்சது?”

“நான்தான்” என்றார் மாமா, நான் மூச்சு விடுவதற்குள்.

“எதால பெரியவரே?”

“உப்புத்தாளால.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

கான்ஸ்டபிளின் பேனா ஓடியது. வயதானவர் மருமகளைக் காப்பாற்றப் போய் ஜெயிலுக்கு வழி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இடுப்பில் குழந்தை. இவளை விட்டுவிட்டு எங்கே கூட்டிப்போவார்கள், யார் சோறு ஊட்டுவார்கள் என்று அந்த இரண்டு விநாடியில் எல்லாம் நினைத்துவிட்டேன்.

அக்கா இரும்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். “உப்புத்தாள்னா கோடு விழும். இதுல கோடு இல்ல” என்றார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த பாகத்தை எடுக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

“நான் தேச்சேன்” என்றேன். “ஆயுத பூஜைக்கு. புளியும் செங்கல்பொடியும் போட்டு. மூணு வருஷம்.”

“பேரு?” என்றார், என்னை அதுவரை பார்த்தே அறியாதவர் போல. சொன்னேன். அப்பா பெயர், கணவர் பெயர், வயது, எல்லாம் கேட்டு எழுத வைத்தார். மாமா, “அவ கொழந்த பெத்தவ, அவள எதுக்குமா இழுக்கற?” என்றார்.

அக்கா ஒரு குண்டூசியை எடுத்தார். கிரீடத்தின் பள்ளத்திலிருந்து சுரண்டி வெள்ளைத் தாளில் தட்டினார். செங்கல் சிவப்பில் கொஞ்சம் தூள். அதோடு காய்ந்த சந்தனம், குங்குமம். திருகாணி ஒவ்வொன்றின் வெட்டிலும் குத்தினார், அங்கேயும் அதே. மறுபக்கத்தையும் பார்த்தார். “எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. எண்ணு மேல மட்டும் இல்ல.” பிறகு பேரலை மூடியிருந்த கட்டையைக் கழற்றினார். அடியில், என் புளி எட்டாத இடத்தில், நம்பர் முழுசாக, நேற்றுப் பொறித்தது போல இருந்தது. பெட்டியின் முன்பக்கத்திலும் நம்பர் இருந்தது. இரண்டையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

“நம்பர் அழியல. ரெண்டும் வேற வேற. பேரல்ல இருக்கற கிரீடம் ராணியோடது இல்ல, அப்புறம் வந்த ராஜாவோடது. பெட்டி பழசு, பேரல் பின்னால மாத்துனது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மொத்தத் துப்பாக்கிக்கு ஒரே வயசு எழுத முடியாது” என்றார்.

ஆக, காட்சிப் பொருள் என்று எழுதவில்லை. சுடாது என்று எழுதவில்லை. மாமா மேல் கேஸ் பதிவானது.

அதற்குப் பிறகும் அவர் மாடியில்தான் இருந்தார். ரிப்போர்ட் கையை விட்டுப் போயிருந்தது, இருந்தும் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. போலீஸ் தாளில் என் பெயர் இருக்கிறது என்ற நினைப்பில் வாசலில் பைக் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவேன். “பக்கத்து ஊட்டுப் பொம்பளன்னா கொஞ்சம் இரக்கம் வேணாம்?” என்றார் மாமா ஒருநாள். நான் அக்காவுக்கும் பரிந்து பேசவில்லை, மாமாவுக்கும் பேசவில்லை.

கோர்ட்டில் அவர் சாட்சி சொல்ல வந்தார். அரசு வக்கீல் கேட்டார்: “இது சுடுமா?”

“சுடும்.”

மாமா பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“முத்திரை அழிக்கப்பட்டிருக்கிறதா?”

“தேஞ்சிருக்கு. எல்லாப் பக்கமும் சமமா. பள்ளத்துல செங்கல்பொடி, சந்தனம், குங்குமம். மறஞ்சிருக்கற நம்பர் அப்படியே இருக்கு. மறைக்கணும்னு நெனக்கறவன் அதத்தான் தேடுவான்னு சொல்ல வந்தேன், அது என் நெனப்பு, அத விட்டுடுங்க.”

நீதிபதி சிரித்தார். எங்கள் வக்கீல் எழுந்தார். “இதை யாராவது சமீபத்தில் சுட்டிருக்கிறார்களா?”

“பேரல்ல மூணு குளவிக்கூடு இருந்துச்சு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பழைய துரு மேல கட்டுனது. ஒரு தடவ சுட்டிருந்தாலும் கூடு நிக்காது.” காகிதப் பொட்டலங்கள் மூன்றையும் மேஜையில் வைத்தார்.

தானாகக் கொண்டுவந்து கொடுத்தவர், யாரையும் சுடாதவர், எதையும் மறைக்காதவர் என்று சொல்லி நீதிபதி மாமாவை எச்சரித்து விட்டுவிட்டார். துப்பாக்கி அரசிடமே போனது.

வெளியே மரத்தடியில் அக்கா பஸ்ஸுக்காக நின்றிருந்தார். மாமா நேராக அவரிடம் போனார்.

“நீ சுடும்னு சொன்னியே, அப்போ என் உசுரே போய்ட்ச்சிமா. சுட்டதில்லன்னு சொன்னப்போதான் திரும்பி வந்துச்சி.”

“ரெண்டும் ஒரே பேரல்ல பாத்ததுதான் பெரியவரே. ஒண்ண நான் மாத்திச் சொல்லியிருந்தா இன்னொண்ண யாரு நம்புவாங்க?”

மாமா தலையாட்டிக்கொண்டே சோடாக் கடைக்குப் போனார். நான் மாதக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அக்கா, அந்தப் பள்ளத்துல செங்கல்பொடியும் குங்குமமும் இல்லாம இருந்திருந்தா?”

“தேய்ச்சிருக்காங்க, காரணம் தெரியலன்னு எழுதியிருப்பேன்.”

“நான் புளின்னு சொன்னதுக்கு அப்புறமுமா?”

“நீ சொன்னது நீ சொன்னதுதானேம்மா. அதையும் எழுதியிருப்பேன்.”

“நான் உள்ள போயிருப்பேன்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “ஆமா” என்றார்.

திருப்பதி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து, பக்கத்து சீட்டில் பையை வைத்தேன். மாமா பின்னால் யாரோ ஊர்க்காரரைப் பிடித்துக் கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். கடைசியாக அக்கா ஏறினார். வேறு இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார், கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. ஊர் எல்லையைத் தாண்டும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பையை எடுத்துக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.